குலை கட்டாத காடு

ஓடுகிறேன். முதுகுக்குப் பின்னால் இரண்டாவது குண்டு வெடிக்கிறது. முதல் குண்டு எங்கள் தெருமுனை வீட்டில் விழுந்தபோது காலை ஐந்தே முக்கால். கடம்பூர்ப் பக்கம் ரயில் கூவியது, அதனால் நேரம் தெரியும். நாட்டுக் குண்டு. டப்பென்று ஒரு சத்தம். பிறகு ஓடுகள் சரியும் சத்தம்.

"ஏட்டி, குனிஞ்சு ஓடு. ஓடைக்குள்ள எறங்கு." மாமனார் கத்துகிறார்.

என் ஓரகத்தி பேச்சி முன்னால் ஓடுகிறாள். இடுப்பில் அவள் மகள் செல்வி. முந்தின நாள் மழை. கரிசல் மண் காலில் அப்புகிறது. ஒரு செருப்பு போயிற்று. மற்றதையும் உதறினேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை. பேப்பரில் கலவரம் என்று எழுதினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் தெருவை எரித்தார்கள். அதன்பின் கோவில்பட்டி ரோட்டை மூன்று நாள் அரிவாளோடு மறித்து நின்றார்கள். எழுதினவன் அங்கே வந்து கிடந்திருந்தால் யுத்தம் என்று எழுதியிருப்பான்.

ஓடைக்குள் வேலிக்கருவைப் புதரில் நாலு பேர் கிடந்தோம். என் வீட்டுக்காரரும் பேச்சியைக் கட்டின அவர் தம்பியும் திருப்பூரில் வேலையில் இருந்தார்கள். பேச்சி ஒரு ஈயச்சட்டியைத் தூக்கி வந்திருந்தாள். மாமனார் மடியில் தீப்பெட்டி. அவ்வளவுதான்.

ஓடைக்கரையில் தங்கராசின் பருத்திக்காடு. பக்கத்து ஊர்க்காரர். பன்னிரண்டு வருஷம் அவர் காட்டில் களை எடுத்திருக்கிறேன். மழைக்குப் பின் பருத்திக்கு நடுவே பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் குப்பென்று வந்திருந்தன. ஊடே தட்டப்பயறுக் கொழுந்து. எங்கள் பக்கம் கீரைக்குச் சொந்தக்காரன் கிடையாது. யார் காட்டிலும் யாரும் பறிக்கலாம். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டார்கூடத் தடுக்க மாட்டார்கள். காட்டுக்காரருக்கு ஒரே ஒரு கடமை. பூச்சிமருந்து அடித்தால் நாலு மூலையிலும் கம்பு ஊன்றி வேப்பங்குலை, அதாவது வேப்பிலைக் கொத்து, கட்ட வேண்டும். குலை இருந்தால் யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

முதல் நாள் குலை இல்லை. பறித்தோம். உப்பில்லாமல் அவித்தோம். ஊரே புகைந்துகொண்டிருந்தது, எங்கள் அடுப்புப் புகை யார் கண்ணில் படும்? கொழுந்து வெண்ணெயாய் வெந்திருந்தது. ருசித்துத் தின்றோம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புதன் சாயங்காலம் நாலரை. காட்டுப் பக்கம் மோட்டார் சத்தம். டர்ரென்று விடாமல். பைக்கில் தேடி வருகிறார்கள் என்று நினைத்தோம். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மணி நேரம் குப்புறக் கிடந்தோம். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. அது மருந்தடிக்கிற மிஷின் என்று பிறகுதான் தெரிந்தது. புகை நாற்றத்தில் மருந்து வாடை தெரியவில்லை.

வியாழன் விடியற்காலை. இலையெல்லாம் ஈரம். பனி என்று நினைக்கிறேன். மடி நிறையப் பறிக்கிறேன்.

"அக்கா, குலை கட்டியிருக்கான்னு பாத்தியளா?" பேச்சி கேட்கிறாள்.

"பாத்தேன்டி. நாலு மூலையும் பாத்தேன். ஒண்ணுமில்ல."

அவித்தேன். முதலில் அவர்களுக்கு வைத்தேன். சமைத்தவள் கடைசியில்தானே சாப்பிட வேண்டும். என் பங்குக்கு ஒரு கவளம்தான் மிஞ்சியது. அந்த முறையால்தான் உயிரோடு இருக்கிறேன்.

மத்தியானம் போலீஸ் ஜீப் வந்து எங்களை அள்ளிப்போட்டது. வாந்தி எடுத்தபடி வெளியே பார்க்கிறேன். தங்கராசின் வடகாடு. அங்கேயும் மருந்தடித்திருந்தார். நாலு மூலையிலும் குலை. இன்னும் வாடவில்லை. ஓடைப் பக்கம் மட்டும் கட்டவில்லை. கீரை பறித்த தடம் பார்த்து, நாங்கள் அங்கே கிடப்பது தெரிந்தே கட்டவில்லை.

மறு மாதம் சமாதானக் கூட்டம். தாசில்தார் முன்னால் தங்கராசு சொன்னார்: "என் காட்டுல நான் மருந்தடிச்சேன். அவியளைத் திங்கச் சொல்லி நானா கூப்பிட்டேன்?"

"வடகாட்டுல குலை கட்டுனீரா இல்லையா? அதுக்குப் பதில் சொல்லும்" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். 

"பழசை விடும்மா," என்றார் தாசில்தார். அது பழசாகி முப்பது நாள்கூட ஆகவில்லை.

கேஸ் நிற்கவில்லை. நான் நின்றேன். புதூர் வரை ஊர் ஊராய் நடந்தேன். களை எடுக்கிற பெண்கள் ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். அந்த மாசியில் அவர் பருத்தி வெடித்து மண்ணில் கொட்டியது. எடுக்க ஒரு கை போகவில்லை. மறு வருஷமும் போகவில்லை. வரப்பில் நின்று பார்த்தேன். வயிறு குளிர்ந்தது. போதவில்லை.

இப்போது அவர் கை கால் விழுந்து கட்டிலில் கிடக்கிறார். மன்னித்துவிடு என்கிறார்கள். மாட்டேன். அவர் இன்னும் நிறைய நாள் அப்படியே கிடக்க வேண்டும். தினமும் அதைத்தான் சாமியிடம் கேட்கிறேன்.

போனவை: எங்கள் தெருவில் பதினோரு வீடு. ஆடு ஏழு.

போனவர்கள்: மாமனார் சுடலைமுத்து, அறுபத்திரண்டு வயது. ஓரகத்தி பேச்சியம்மாள், இருபத்தாறு. செல்வி, நாலு. இன்னும் கொஞ்சம் வேணும் பெரியம்மா என்று தட்டுக்குப் பதில் கையை நீட்டினாள். என் பங்கிலிருந்து எடுத்து வைத்தேன்.