தண்ணீர் காட்டுகிறவள்

வீட்டில் வைக்க ஒரு செடி வேண்டும் என்று யார் வந்தாலும், உங்களுக்கு மறதி உண்டா என்றுதான் முதலில் கேட்பேன். உண்டு என்றால் சந்தோஷமாகக் கொடுப்பேன். மறதிக்காரர் வீட்டில்தான், இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைக்கிற சக்குலன்ட் செடி நன்றாக வரும். பாசக்காரர் கையில் கொடுத்தால், காலையும் மாலையும் ஊற்றி அழுக வைத்துவிட்டு, நோஞ்சான் செடியைத் தலையில் கட்டிவிட்டாய் என்று சண்டைக்கு வருவார்கள்.

ராஜபாளையத்தில் எங்கள் மொட்டைமாடி முழுக்க அதுதான். ஜேட், எச்சிவேரியா என்று நான் பெயர் சொன்னாலும் தெருவுக்கு எல்லாமே கள்ளிதான். தினமும் இலையை விரலால் அமுக்கிப் பார்ப்பேன். சுருங்கியிருந்தால் பயமில்லை, கொஞ்சம் தண்ணீர் காட்டினால் தேறிவிடும். உப்பி, கண்ணாடி மாதிரி மினுமினுத்தால் வேர் போய்விட்டது என்று அர்த்தம். பார்க்கிறவர்கள் அதைத்தான் செழிப்பு என்பார்கள்.

என் வீட்டுக்காரர் அழகுராஜா, மில்லில் ஃபிட்டர். இரண்டு கிட்னியும் போன பிறகு டாக்டர் அவர் கணுக்காலை அதே மாதிரி அமுக்கிக் காட்டினார். குழி விழுந்தது, எழவில்லை. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்றார். எனக்கு அது புரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் புரிந்திருக்காது. டயாலிசிஸுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் கூட்டிப் போவேன். அங்கே ஒரு நர்ஸ் என்னைத் தனியே அழைத்து, "தண்ணிகூட கூடக்கொறையப் போயிரலாம்க்கா, எளநி மட்டும் கண்ணுல காட்டிராதீங்க. அதுல உள்ள பொட்டாசியம் நெஞ்ச நிப்பாட்டிரும்" என்றாள். தலையாட்டினேன்.

தாகம் ஒரு மனுஷனைப் படுத்துகிற பாடு இருக்கிறதே, அதைக் கண்ணால் பார்த்தவர்களிடம்தான் சொல்ல முடியும். குளிக்கப் போனால் குழாயில் வாய் வைத்துவிடுகிறார் என்று அதன் கைப்பிடியைக் கழற்றி வைத்தேன். அதற்குப் பிறகு மாடிக்கு ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"ஏட்டி ஜோதி, செடிக்கு மட்டும் தண்ணி காட்டுத. எனக்கும் செத்த காட்டேன்" என்று சிரிப்பார். சில வாரம் கழித்து சிரிக்காமல் சொன்னார். கடைசியில் சொல்வதையும் விட்டுவிட்டு என் கையிலிருந்த பூவாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்மேல் உயிரை வைத்திருந்த மனுஷன். அந்தப் பார்வையில் நான் அவருக்கு ஜென்மப் பகையாளி.

அவருடைய அக்கா ரத்தினத்துக்குச் சேத்தூரில் தென்னந்தோப்பு. வரும்போதெல்லாம் என்னைப் பிடித்து வாங்குவார். "கட்டுனவன் தொண்ட காஞ்சு கெடக்கான், கள்ளிக்கு ஊத்துதியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையாட்டி?" இளநீர் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டுக்கொள்ளக்கூடியவர்தான் மதினி.

ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். "போதும் ஜோதி. ஒருக்கா வயிறு நெறையக் குடிச்சிட்டுப் போயிருதேன்." கேட்டது அவர். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தேன். அவர் உதடுவரை கொண்டு போனேன். கை போகவில்லை. அத்தனை நாள் இல்லை இல்லை என்று சொன்ன அதே கையால் எப்படி ஊற்றுவது? தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மதினி பை நிறைய இளநீரோடு வந்தார். "எம்புட்டுக் குளிர்ச்சி தெரியுமா? பெறகு மனசு மாறி நீ குறுக்க வந்தே, நடக்கிறதே வேற" என்றார்.

"நான் மாடிக்குப் போறேன் மதினி. மண்ணு மாத்தணும்" என்றேன்.

மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அரிவாள் சீவுகிற சத்தம் கேட்டது. "மெல்லக் குடில, பொரை ஏறிரப் போவுது" என்று மதினி அதட்டினார். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. கையில் மண்ணோடு நின்று அழுதேன்.

இறங்கி வந்தபோது அவர் முகம் பூரித்திருந்தது. "பாத்தியா, எம்புட்டுத் தெளிஞ்சிட்டான்" என்றார் மதினி. பொழுது சாய்வதற்குள் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

துக்கத்துக்கு வந்த யாரோ ஒருவர், கிட்னி போனவருக்கு இளநீர் ஆகாதே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மதினி மனுஷியாக இல்லை. தோப்புப் பக்கமே போவதில்லை. "என் தம்பிய என் கையாலயே கொன்னுட்டனே" என்று அந்தக் கையைச் சுவரில் அடித்துக்கொள்கிறார். நான்தான் பிடித்து மடியில் வைத்துத் தடவிக் கொடுக்கிறேன். சோறு ஊட்டுவதும் நான்தான்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். தடுக்க என்ன இருக்கிறது? செம்பைக் கழுவிக் கவிழ்த்த கையோடு சேத்தூருக்குப் போன் போட்டு, "அவிய எளநி கேக்காவ மதினி, நாளைக்கு வெட்டிட்டு வாங்க" என்று சொன்னது நான். அவர் கேட்டது தண்ணீர்தான். எனக்கு வேறு ஒருவர் கை வேண்டியிருந்தது.

நான் போன் பண்ணியது மதினிக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நீயும் தெரியாமத்தான கேட்ட தாயி" என்று என் கன்னத்தை வழித்துவிடுகிறார். ஆமாம் மதினி என்கிறேன்.

எப்படியிருந்தாலும், என் கையால் நான் அவருக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை.