எலுமிச்சம்பழம் பிழிந்த களிம்பு

காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு ரேஷன் கடை வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி தறி நெய்கிறவள். சின்னவள் களிம்பு செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறவள் என்று பேச்சில் தெரிந்தது.

"காலையில மூணு வாட்டி விரல் வச்சேன்மா. இது நான் இல்லன்னு சொல்லுது ரேகை மிஷினு."

"காட்டுக்கா. இன்னாக்கா இது, கண்ணாடி மாதிரி இருக்குது?"

"கை சொரசொரன்னு பட்டுல மாட்டிக்கினே இருந்துச்சி. நீ குடுத்த சாலிசிலிக் களிம்புல எலுமிச்சம்பழம் பிழிஞ்சி தெனமும் தடவினேன். சாயத்துல புளிப்பு விட்டாத்தானே பட்டுல நல்லா புடிக்குது? களிம்பும் அப்டி புடிக்கும்னு நெனச்சேன்."

"ஊறுகாயாக்கா போட்ட? புளிப்பு ஏறினா அந்த சாலிசிலிக் ஆசிட்டு தோலுக்குள்ள ஜாஸ்தியா எறங்கி ரேகையோட உரிச்சிடும். ஏறாம புடிச்சி வைக்கத்தான் பஃபர்னு ஒரு உப்பு சேக்கறோம். இவ்ளோ பழத்த அது எப்படித் தாங்கும்?"

"அரிசி வேணுமே."

"வூட்ல வேற யாராவது வந்து விரல் வைக்கட்டும்."

"கார்டுல நான் ஒருத்திதாம்மா."

"தடவறத நிறுத்துக்கா. தோலு வளந்தா ரேகை வந்துடும்."

நெய்கிறவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வர்றது என்னுதுதான்னு யாரு சொல்றது?"

சின்னவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.