உப்பில்லாமல் மிதந்த முட்டை

“உப்புப் போடறதுக்கு முன்னாலயே மெதந்துருச்சுங்கப்பா.”

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் பள்ளிச் சீருடையோடு இருந்த சிறுமி சொன்னாள். பக்கத்தில் அவளுடைய அப்பா. கோழிப் பண்ணையில் வேலை என்பதைச் சட்டையில் அடித்த தீவன வாசனையே சொன்னது.

“மெதக்கோணும்னுதானே சாமி சொன்ன? அதுக்குத்தான் கெட்டுப்போச்சுன்னு கழிச்சதுல, மெதக்கறதாப் பாத்து எடுத்தாந்தேன்.”

“நல்ல முட்டை வேணுமுங்க. வெறுந்தண்ணியில முழுகி, உப்புத்தண்ணியில மெதக்கோணும். அதுதான் சோதனை.”

“அப்ப மார்க்கு போச்சா?”

“இல்லீங்க. மத்தவங்க முட்டை, இருந்த உப்பையெல்லாம் போட்டும் மேல வரல. டீச்சர் என்னோடதத்தான் எல்லாருக்கும் காட்டுனாங்க. மெதக்கற முட்டைக்கு மேலயே உப்பப் போட்டு, ‘உப்புப் போட்டதும் மிதந்தது’ன்னு நோட்டுல எழுதச் சொன்னாங்க. எனக்குப் பத்துக்குப் பத்து.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வராத விடையை வந்ததாக எழுதித்தான் நானும் ஆய்வக நோட்டை நிரப்பினேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“திங்கக்கெழம ஆபீசர் பாக்க வாராங்களாம். இதே மாதிரி இன்னும் பத்து முட்டை டீச்சர் கேட்டாங்கப்பா.”

“பத்தென்ன, ஒரு ட்ரேயே தாரேன். ஆபீசர் ஒண்ணையும் ஒடச்சுப் பாக்காம மட்டும் உங்க டீச்சரப் பாத்துக்கச் சொல்லு.”