ஈயக் கல் அடுக்கிய மதியம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரவும் பகலும் ஏசி ஓடுகிற அறை ஒன்றே ஒன்றுதான், இன்ஸ்பெக்டர் சார். தாம்பரத்து மே மாதம் எப்படியென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருவிக்கென்று குளிரூட்டிய அறையில் ஊரே குடியேறிவிட்டது. சரோஜினி அக்கா கல்யாணத்துக்கு வாங்கின மல்லிகைப்பூவைக் கொண்டுவந்து வைப்பார். யாராவது பிறந்தநாள் கேக் வைப்பார்கள். அலுவலக மேனேஜர் துரைராஜ் சார் மதியச் சாப்பாடு முடிந்ததும் இரும்பு மேஜைக்கு அடியில் பாய் விரித்துத் தன்னையே வைத்துக்கொள்வார். நான் எதுவும் சொன்னதில்லை. டெபோரா ஒரு முசுடு என்று பேர் வாங்க எனக்கு ஆசையில்லை.

அந்தக் கருவி ஒரு ஜெர்மானியம் டிடெக்டர். உள்ளங்கையளவு படிகம், முப்பத்தாறு பாகமாகப் பிரித்தது. காமாக் கதிர் வந்து விழுந்தால் அதன் சக்தி எவ்வளவு, எந்தப் பாகத்தில் விழுந்தது என்று இரண்டையும் சொல்லிவிடும். ஒவ்வொரு வகைக் கதிரும் கம்ப்யூட்டர் திரையில் ஒரு மேடாகத் தெரியும்.

அந்த வாரம் எனக்கு ஒரு சாம்பிள் வந்திருந்தது. வருஷக்கணக்காக எழுதிக் கெஞ்சி வாங்கினது. கதிரியக்கப் பொருள் தானாகவே தேய்ந்துகொண்டு போகும். சில நாளில் அதில் ஒன்றும் மிஞ்சாது. இதுவரை யாரும் பார்த்திராத ஒரு குட்டி மேடு அதிலிருந்து வரும் என்று கணக்குப் போட்டவள் நான். வந்தால் என் பேரில் ஒரு கண்டுபிடிப்பு. வராவிட்டால் இத்தனை வருஷமும் தண்டம்.

அன்று மதியம், என் குட்டி மேடு வர வேண்டிய இடத்திலேயே பெரிய மேடு ஒன்று எழும்பியது. எந்தப் பக்கத்துப் பாகங்களில் கதிர் அதிகம் விழுகிறது என்று பார்த்தேன். மேஜைப் பக்கம். குனிந்து பார்த்தால் துரைராஜ் சார்.

காலையில் ஆஸ்பத்திரியில் இதய ஸ்கேன் எடுத்துவிட்டு வந்திருந்தார். அதற்குக் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும். பக்கத்தில் இருக்கிற மனுஷருக்குப் பயமில்லை, என் கருவிக்குத்தான் தொந்தரவு.

"ஹார்ட்டு சூப்பரா கீதுன்னு சொல்ட்டாங்கம்மா," என்றார் படுத்தபடியே. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று கேட்கிறீர்கள். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். அவர் வீடு பள்ளிக்கரணையில். அப்போதுதான் இதயத்தைச் சோதித்துக்கொண்டு வந்த பெரியவரை அந்த வெயிலில் பஸ்ஸுக்கு விரட்ட எனக்கு மனசு வரவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

கதிரை ஈயம் தடுக்கும். மெல்லிய தகடே போதுமே என்று உங்கள் நிபுணர் சொன்னாராம். சரிதான். ஆனால் ஸ்டோரில் தகடு இல்லை, செங்கல் அளவில், ஒவ்வொன்றும் பத்து கிலோவுக்கு மேல் வரும் ஈயக் கல்தான் இருந்தது. டிடெக்டரைச் சுற்றி அடுக்கினால் அதைக் குளிர்விக்கிற நைட்ரஜன் குடுவை இடிக்கும். எனவே கதிர் கிளம்புகிற இடத்தைச் சுற்றி அடுக்கினேன்.

"இன்னாம்மா டெபோரா, வூடு கட்டிகினு கீறே?" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன், கருவி ஓடும்போது ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். டாக்டர் கொடுத்த தெம்போ என்னவோ, எழுந்து வந்து பாதிக் கற்களை அவரே தூக்கிக் கொடுத்தார். மேஜை மேல் பரப்பினோம். மூன்று பக்கமும் எழுப்பினோம். அவர் உள்ளே போய்ப் படுத்த பிறகு நாலாவது பக்கத்தை நான் தனியாகவே முடித்தேன்.

"காத்துக்கு ஒரே ஒரு கல்லு வுட்டுடும்மா," என்றார். விட்டேன். தூங்கிப்போனார்.

அந்தச் சந்து வழியாகத்தான் மேடு எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது, சார். காற்று போகிற வழியில் காமாவும் வரும். அவரோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்பது மரியாதையாகப் படவில்லை. கல்லை வைத்தேன். சந்து எதுவும் இல்லாதபடி வெளியே இன்னொரு வரிசையும் அடுக்கினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

மேடு படுத்துவிட்டது. திரை அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. என் குட்டி மேடு வரவில்லை, அது வேறு விஷயம்.

அவர் தட்டினாரா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஏசி சத்தத்தில் என் காதில் எதுவும் விழவில்லை. ஆனால் டிடெக்டரில் பதிவாகியிருக்கிறது. இந்தப் படிகத்துக்குச் சின்ன அதிர்வும் தெரியும். ரயில் போனால் எல்லாப் பாகங்களிலும் இரைச்சல் வரும். அன்றைக்கு மேஜையைப் பார்த்த பாகங்களில் மட்டும் வந்தது. யாருடைய அதிர்வு என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகக் குறித்து நீக்கிக்கொண்டே இருந்தேன். முதலில் படபடவென்று வந்தது, பிறகு விட்டு விட்டு, பிறகு நீக்குவதற்கு ஒன்றும் வரவில்லை.

நான் சொன்னதைக் கடைசியில் புரிந்துகொண்டாரே என்று அவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.