மூடுபனியில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்ததாக நான் சொன்னது குறித்து

என் பெயர் பதிவேட்டில் உள்ளது. அந்தப் பெயரைச் சொல்லி என் ஊரில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ‘ரேடியோ’ என்று கேட்டால் பஸ் நிலையத்திலிருந்தே கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். வயது ஐம்பத்து நான்கு. பார்க்கிறவர்கள் நாற்பத்தைந்துக்கு மேல் மதிக்க மாட்டார்கள். இது தேவையில்லை என்று என்னை விசாரிக்கும் குழந்தை நல அதிகாரி சொன்னார். சொன்னதைச் சொன்னபடி எழுதுவதுதான் விதி என்று மொழிபெயர்ப்பாளர் அம்மா எழுதிக்கொண்டார். படிப்பு எட்டாம் வகுப்பு. தொழில் மின்விசிறி மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுவது. தற்போதைய விலாசம், மரக்கிட்டங்கிச் சாலையில் பூட்டிக்கிடக்கும் சைக்கிள் கடைக்கு மேல் உள்ள இரண்டு அறை வீடு. என் தங்கை, தங்கையின் கணவர், அவர்களுடைய மகள் (வயது பதினொன்று), மகன் (வயது ஏழு) ஆகியோருடன் ஏழு மாதமாக இருக்கிறேன்.

என் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், எங்கள் நாட்டில் லிப்ட் மெக்கானிக்காக இருந்தார். நாற்பது மாடிக் கட்டடங்களில் அவர் கை படாத லிப்ட் கிடையாது. ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், “ஒரே வீட்டுல இருக்கேன், பிள்ளைங்க முழிச்சிருக்கறத ஞாயித்துக்கிழமைதான் பாக்குறேன். இதுக்குப் பேரு குடும்பமா?” என்று கேட்டார். பிள்ளைகளுக்கு அப்போது ஆளுக்கு மூன்று டியூஷன். அதன் பிறகு அவர் வேலையை விட்டு, இங்குள்ள மர அறுவை ஆலையில் வேலை தேடிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பெட்டி என்று கணக்காகச் சாமான் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினார். நான் வழியனுப்ப விமான நிலையம் போய், மனசு கேட்காமல், அப்படியே ஏறி வந்துவிட்டேன். விசா இல்லாமல் அப்படி ஏற முடியாதே என்று அதிகாரி கேட்டதால், இரண்டு மாதத்துக்கு முன்பே விண்ணப்பித்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இங்கே வந்த முதல் வாரம் எனக்குக் காது வலித்தது. மருந்துக்கடையில் காட்டினேன், ஒன்றுமில்லை என்றார்கள். சத்தம் இல்லாததுதான் காரணம் என்று பிறகு எனக்கே பிடிபட்டது. வீட்டில் டிவி கிடையாது. கைப்பேசிகளை வார நாட்களில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். மாப்பிள்ளை நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்து மகனுக்குச் சட்டைப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொடுப்பார். என் தங்கை ரொட்டிக்கடையில் பாதி நாள் வேலை பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குவாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் பட்டினி கிடந்தார்களா என்ற கேள்விக்கு, இல்லை; இரண்டு பேருக்கும் இடுப்பில் கால்சட்டை இறுகிப்போய் அம்மா பிரித்துத் தைத்திருக்கிறாள்.

பள்ளிக்கூடம் ஈரப்புல்வெளிக்கு அந்தப் பக்கம் உள்ளது. அந்தச் சதுப்பு நிலத்தின் மேல் இரண்டு கிலோமீட்டருக்குப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை ஒரு பெரிய ஆள் கூட்டிப்போக வேண்டும் என்பது வீட்டு விதி. அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு மூடுபனியாக இருந்தது. பாதி வழி போன பின், பலகைப் பாதை வளைந்து சுற்றிப்போகும் இடத்தில், எனக்கு ஒரு குறுக்கு வழி தெரியும் என்று சொன்னேன். பெரியவள், “வேணாம் மாமா, அப்பா பலகையை விட்டு இறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்றாள். “உங்கப்பனுக்கு லிப்ட்டுல மேல கீழ போகத்தான் தெரியும். பக்கவாட்டுல போறதுக்கு மாமாதான்” என்று சொல்லி இறங்கினேன். சின்னவன் சிரித்தான். அதன் பிறகு இருநூறு அடி போனதும் பலகை தெரியவில்லை, திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த பக்கமும் தெரியவில்லை, நீட்டின என் கையே எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் அதிகாரி என்னை நிறுத்தி, சலவைக்கடைக்கார அம்மாவிடம் வியாழக்கிழமை நான் வேறு விதமாகச் சொன்னதாக வாசித்துக்காட்டினார். பிள்ளைகளை வேண்டுமென்றே மூடுபனியில் விட்டுவிட்டு, நான் வீட்டுக்கு வந்து டீ குடித்தபடி காத்திருந்தேன் என்றும், எங்கள் வம்சத்தில் பிள்ளைகளுக்கு இப்படித்தான் பயிற்சி என்றும், பெற்றோருக்கும் இது தெரியும் என்றும் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா பயந்துபோய்க் குழந்தை நல அலுவலகத்தில் சொன்னதால், நேற்றுக் காலை பதினோரு மணிக்குப் பிள்ளைகள் இருவரையும் பள்ளியிலிருந்தே அழைத்துச் சென்று வேறு வீட்டில் வைத்திருக்கிறார்கள். திரும்பத் தருவதா என்று இன்று நான்கு மணிக்கு முடிவு செய்யப் போகிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர் அம்மா என்னிடம், “உங்களுக்கு இந்த ஊர்ப் பேச்சு சரியா வராது. அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு சொல்றீங்களா?” என்று கேட்டார். இல்லை. அந்த அம்மா சரியாகத்தான் புரிந்துகொண்டார். நான் கையால் நடித்தும் காட்டினேன். டீ குடிப்பதைக்கூட நடித்தேன். அவர் கண்ணை அகல விரித்துப் பார்த்தது எனக்கு உற்சாகமாக இருந்ததால் மேலும் இரண்டு சொன்னேன். சொன்னது முழுப் பொய். என் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் இதில் ஒன்றும் தெரியாது. இன்று காலை என் தங்கை வாசல்வரை வந்து, “அண்ணே, இந்த ஒரு தடவை நடந்ததை மட்டும் சொல்லு. உன் கால்ல விழறேன்” என்றாள். அவள் அழவில்லை. அவள் கையில் சின்னவனின் ஒற்றைக் காலுறை இருந்தது.

நடந்தது வருமாறு. வழி தவறியதும் நான் இந்தப் பக்கம் என்றேன், பிறகு அந்தப் பக்கம் என்றேன். கால் முழங்கால்வரை உள்ளே போனது. பெரியவள் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து ஒரு முனையைத் தம்பியிடமும் நடுவை என்னிடமும் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, “ரெண்டு பேரும் விடாதீங்க. மாமா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க” என்றாள். நான் பேசாமல் இருந்தேன். தூரத்தில் ஒரு ரம்பம் சுற்றும் சத்தம் கேட்டது. “அப்பா மில்லு. மரம் உள்ள போறப்ப சத்தம் கனமாகும், கேளுங்க” என்றாள். ரம்பம் அறுக்கும்போது நடக்க வேண்டும், நிற்கும்போது நாங்களும் நிற்க வேண்டும். அது அவள் அந்த இடத்திலேயே போட்ட சட்டம். ஒவ்வோர் அடிக்கும் முன் குடையால் தரையைக் குத்திப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு நாங்கள் அங்கே இருப்பதே தெரியாது. அவர் பாட்டுக்கு மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார், அவர் மகள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

இரண்டு மணி நேரம் அப்படி வந்த பின் ரம்பம் நின்றது. நின்றது நின்றதுதான். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆகியும் கேட்கவில்லை. அப்போது நான் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். பெரியவள் என் முதுகைத் தட்டி, “மில்லுல டீ குடிக்கிறாங்க மாமா. குடிச்சிட்டு வருவாங்க” என்றாள். சின்னவன், “ரேடியோவுக்கு பேட்டரி தீந்துடுச்சுக்கா” என்றான். அவள் அவனை அதட்டினாள்.

அதன் பிறகு பனி கொஞ்சம் விலகியது. நாங்கள் தனியாக இல்லை. எங்களைச் சுற்றி, கை நீட்டினால் தொடும் தூரத்தில், என் இடுப்பு உயரத்துக்குச் சாம்பல் நிறப் பறவைகள் நின்றன. ஒற்றைக் காலில், கழுத்தை முதுகில் செருகி, மறுபடி பனி தொடங்குகிற இடம்வரை நின்றன. நாங்கள் அவற்றின் நடுவில் வந்து நின்றிருக்கிறோம், நான் அழுதிருக்கிறேன், அவை எழுந்திருக்கவில்லை. பிறகு ஒன்று கழுத்தை நிமிர்த்தியது. அதன் பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. ஆயிரம் பாயை ஒன்றாக உதறினால் எப்படியோ அப்படி. அந்தக் காற்றில் என் சட்டை உடம்போடு ஒட்டியது. வானம் மூடிப் பிறகு திறந்தது. ஒரு லட்சம் இருக்கும் என்றேன். எண்ணினீர்களா என்று அதிகாரி கேட்டார். எண்ணவில்லை. என் வாய் திறந்திருந்தது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. சின்னவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நம்மளைப் பாத்துதான் எந்திரிச்சுதா?” என்று மெதுவாகக் கேட்டான். நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன் என்று சொல்லித் திரிகிறவன். ஒன்றும் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். பறவைகளையும் பார்த்தேன், அவற்றுக்குக் கீழே குடையை ஊன்றி நின்ற என் தங்கை மகளையும் பார்த்தேன். கைப்பேசி இல்லாமல் தெருமுனைக் கடைக்குப் போகத் தெரியாத பிள்ளையாகத்தான் அவள் எங்கள் நாட்டிலிருந்து வந்தாள்.

ரம்பம் மறுபடி சுற்றியது. பதினொன்றேகாலுக்கு ஆலையின் பின்பக்க வேலியை அடைந்தோம். மாப்பிள்ளை தலையெல்லாம் மரத்தூளோடு ஓடிவந்தார். பறவை காட்டக் கூட்டிப்போனேன் என்று அவரிடம் சொன்னேன். பெரியவள் என்னைப் பார்த்தாள்.

இப்போது அதிகாரி, நேற்று மாலை பெரியவள் தனியாகக் கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக்காட்டும்படி மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம் சொன்னார். அதில் அவள், மாமா எங்களை விட்டு ஒரு நிமிடமும் போகவில்லை என்றும், மாமாதான் ரம்பச் சத்தத்தைக் கேட்டு வழி கண்டுபிடித்தார் என்றும், மாமா பயப்படவே இல்லை என்றும் சொல்லியிருக்கிறாள். இதைக் கேட்டபோது நான் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள்.

அவள் சொன்னதில் முதலாவது சரி. மற்ற இரண்டையும் திருத்திக்கொள்ள வேண்டும். வழி கண்டுபிடித்தது அவள். பயந்தது நான்.

“எந்தக் கதையை நான் நம்பறது?” என்று அதிகாரி கேட்டார். இதைத்தான் நம்ப வேண்டும். முன்பு சொன்னதில் நான் பெரிய ஆள். இதில் நான் சதுப்பில் நின்று அழுத ஆள். பொய் சொல்கிற எவனும் தன்னைச் சிறியவனாக்கிப் பொய் சொன்னதை நான் கேட்டதில்லை, பொய்யில் எனக்கு முப்பது வருஷ அனுபவம் உண்டு. “இப்படி எழுதினா இனிமே உங்களைப் பிள்ளைங்களோட தனியா அனுப்ப மாட்டாங்க, தெரியுமா?” என்று மொழிபெயர்ப்பாளர் அம்மா தன் சொந்தக் குரலில் கேட்டார். தெரியும். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பிள்ளைகள் அப்பா அம்மா வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். தேவையென்றால் நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

இதை மொழிபெயர்ப்பாளர் அம்மா முழுவதும் வாசித்துக்காட்டக் கேட்டேன். பறவைகள் எழும்பியபோது சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டேன் என்று நடுவில் சொல்லியிருந்தேன், அப்படி நடக்கவில்லை, அதை நானே அடித்து, ஓரத்தில் கையெழுத்து வைத்திருக்கிறேன். மீதி உள்ளது நடந்தது நடந்தபடி, யாரும் மிரட்டாமல், நானாகச் சொன்னது.

(ஒப்பம்)
பிள்ளைகளின் தாய்மாமன்