தங்கையின் இரண்டு திரைகள்

நான் போட்டுக் கழித்த சட்டைகள் என்னைவிடத் தங்கைக்கு எடுப்பாக இருக்கும். அதை நானே பலமுறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன், ஐயா.

தொலைக்காட்சி நிலையத்தில் அவளைச் சேர்த்துவிட்டதும் நான்தான். அங்கே என் பொறுப்பு சிங்க், அதாவது ஒத்திசைவு. எல்லாக் கருவிகளும் ஒன்றாக அடியெடுத்து வைக்க ஒரு துடிப்பு வேண்டும். அது ஒரு பெட்டியில் பிறந்து, கிளை பிரிந்து, கேபிள் வழியாக ஒவ்வொரு காமிராவுக்கும் திரைக்கும் போகும். பிசகினால் படம் நடுங்கும். பிசகாதவரை அப்படியொரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது.

தங்கை நேரலையில் எந்தக் காமிராவின் படம் வெளியே போக வேண்டும் என்று பொத்தானை அழுத்துபவள். கெட்டிக்காரி. அம்மா டி.வி. முன்னால் உட்கார்ந்து பூரித்துப் போவாள்.

"பாருடி, சின்னவ படம் மாத்துற அழகை!"

"சிங்க் இல்லாட்டி அவ ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"தண்ணி வந்தா குழாயையா கும்பிடுவாங்க?"

அம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

தங்கையின் மேசையில் அவள் மட்டும் பார்க்கும் இரண்டு சின்னத் திரைகள் உண்டு. அவற்றுக்குப் போகும் சிங்க் கேபிளை என் அறையில் ஒரு சுவிட்ச் வழியாகத் திருப்பி வைத்தேன். வெளியே போகும் படத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. அதில் நான் கவனமாக இருந்தேன். அவள் மும்முரமாக இருக்கும்போது ஒரு கணம் அணைப்பேன்.

"அக்கா, ரெண்டாம் காமிரா நடுங்குது," என்பாள் காதுக்கருவியில்.

"இங்க நல்லாத்தானே இருக்கு."

அது பொய்யில்லை. என் அறையில் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் நிற்கும் இயக்குநர் குனிந்து பார்ப்பது கண்ணாடிச் சுவர் வழியாகத் தெரியும். அதற்குள் சுவிட்சைப் போட்டுவிடுவேன். பதிவை ஓடவிட்டாலும் ஒரு குறை இருக்காது.

கண் மருத்துவரிடம் நானே கூட்டிப் போனேன். கண்ணில் ஒன்றுமில்லை என்றார். நரம்பு மருத்துவர் மாத்திரை எழுதினார். ஒருநாள் நேரலை விவாதத்தின் நடுவே அவள் பொத்தான்களை விட்டுக் கையெடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஊரெல்லாம் படம் மாறாமல் அரங்கின் ஒரு வெற்று நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாளே வேலை போயிற்று.

அதன்பின் தன் கண்ணையே நம்பாமல், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கப் பயந்தாள். குளிப்பாட்டவும் பயந்தாள். புருஷன் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, குழந்தையோடு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நான் அவளை என்னிடம் அழைத்துக்கொண்டேன். சாலையில் என் கையைப் பிடித்தபடி, நான் சொன்ன பிறகுதான் காலெடுத்து வைப்பாள்.

போன மாதம் என் வீட்டு டி.வி. முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, படம் ஆடாம நிக்குது. எனக்குச் சரியாயிடுச்சு போல. குழந்தையக் கூட்டிட்டு வரலாமாக்கா?" முகம் பழையபடி பளிச்சென்று இருந்தது.

நானும் திரையைப் பார்த்தேன். "இப்பவும் நடுங்குதே. உனக்குத் தெரியலையா?" என்றேன்.

அவளே எழுந்து போய் டி.வி.யை அணைத்தாள்.

புதிதாக வந்த பொறியாளர் கண்டுபிடித்த சுவிட்ச் நான் வைத்ததுதான். மறுக்கவில்லை. பொறாமையா என்று கேட்கிறீர்கள். இல்லை, ஐயா. பொறாமைப்பட அவளிடம் இப்போது என்ன இருக்கிறது?