வலது கை நடுங்கிய சனிக்கிழமை

கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் எனக்கு அந்த நாள் முழுக்க நன்றாகவே போகும். திருக்கழுக்குன்றத்தில் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள், மலை கொஞ்ச தூரம் கூடவே வரும், மடியில் ஏதாவதொரு மொழிபெயர்ப்பு நாவல் இருக்கும். இரண்டு வருடங்களாக மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். நான் மகிழ்ச்சியான பெண் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், டீச்சர். அதனால்தான் இதிலிருந்து தொடங்குகிறேன். நேற்று எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, எனக்கு ஏதாவது மனக்கஷ்டமா என்று கேட்டீர்கள். அப்படி ஒன்றும் இல்லை.

நீங்கள் சத்தம் போடவில்லை. அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "வசு கிட்ட இத என் வாயால சொல்ல முடியாது. நடந்தத நீயே எழுதிக் குடு வைஷாலி" என்றீர்கள். இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு அக்கா, தங்கைக்காக வேறெப்படிக் கேட்பார். இடதுபக்கம் மார்ஜின் விட்டு எழுதுகிறேன்.

எனக்குத் தாடையில் முடி வளர ஆரம்பித்தது பதினேழு வயதில். டவுன்ஷிப் பார்லரில் நூல் போட்டார்கள். வாரம் ஒருமுறை போட்டார்கள். மாமல்லபுரத்தில், வெளிநாட்டுக்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் கடைக்கு மேலே ஒரு பெண்மணி லேசர் வைத்திருந்தார். ஆயுளுக்கும் முடி வராது என்றார். என் ஆயுள் ஆறு வாரத்தில் முடிந்தது. தாம்பரத்தில் ஒருவர் ஊசியில் மின்சாரம் விட்டு முடிவேரைக் கருக்கும் எலக்ட்ரோலிசிஸ் செய்தார். ஊசியை இறக்கிக்கொண்டே தோளில் கைபேசியை இடுக்கி மருமகளைத் திட்டினார்; திட்டில் சூடு ஏற ஏற ஊசியும் ஆழமாகப் போனது. பத்து நாள் என் தாடையில் எறும்பு வரிசை மாதிரிப் பொருக்கு. அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகுதான் உங்கள் தங்கை வசுமதி அக்கா. செங்கல்பட்டு பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே. முதல் நாள் அவர் என் மேல் ஊசியே வைக்கவில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார், இனி நூலும் போடக் கூடாது, பிடுங்கவும் கூடாது, கத்தரிக்கோல் மட்டும்தான் என்றார். ஒன்றரை வருடமாவது ஆகும், இரண்டும் ஆகலாம், அவசரமென்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். அவ்வளவு நேர்மையாக என்னிடம் யாரும் பேசியதில்லை. படியிறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் சிரிப்பு வந்தது.

அவர் வேலை செய்வதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உறையை என் கண்முன் கிழித்துப் புது ஊசி எடுப்பார். பெரிய வட்டக் கண்ணாடி விளக்குக்குக் கீழே, முடி முளைக்கிற அதே துளையில் ஊசி நுழையும். காலால் ஒரு கட்டையை மிதிப்பார். கொசு கடித்த மாதிரி ஒரு சுருக். பிறகு அந்த முடி வெண்ணெயில் கிடந்தது போலத் தானாக வெளியே வரும். "இழுபட்டா சொல்லிடு வைஷு. இழுபட்டா அது சாகலன்னு அர்த்தம்" என்பார். ஒன்றுகூட இழுபடாது. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவருடைய ஒரு கண் மட்டும் நிலா அளவுக்குத் தெரியும். நாவல்களில் வரும் பனி நகரங்களுக்கெல்லாம் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். அந்தப் படுக்கையில் படுத்த பிறகு எங்கேயும் போகத் தோன்றவில்லை.

மூன்றாவது மாதம் அவரே சொன்னார். கல்லூரிக் காலத்தில் அவருக்கும் தாடி. விடியற்காலையில் உங்கள் அப்பாவின் ரேஸரை எடுத்து மழித்துக்கொண்டு பஸ் ஏறுவாராம். "மொதல்ல என் மொகத்துலதான் கத்துக்கிட்டேன். வீட்டுக்கு வெளிய உங்கிட்டதான் சொல்றேன்" என்றார். சரியான ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அப்போதுதான் உறுதியானது. தன் முகத்தில் பழகிய கை. அதற்குமேல் என்ன வேண்டும்?

தை மாதத்தில் மதுராந்தகத்திலிருந்து அக்காவுக்கு வந்த சம்பந்தம் உங்களுக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளையின் அத்தை பார்வதம் புருவம் திருத்த வந்தவர் மாதிரி கிளினிக்குக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். புருவமே இல்லாத முகம். "இன்னாம்மா, ரொம்ப நாளா வந்துகினு கீறியா? எங்க வூட்டுப் புள்ளைக்குப் பாக்கறோம். பொண்ணு எப்டி?" என்றார். தங்கமானவர் என்றேன். உண்மை. இந்த வேலையை ஏன் கற்றுக்கொண்டார் என்று கேட்டார். "மொதல்ல தனக்காகத்தான் கத்துக்கிட்டாங்க ஆன்ட்டி. இப்ப பாத்தா தெரியவே தெரியாது." அதுவும் உண்மை, பாராட்டும்கூட.

"இன்னா தெரியாது?"

என் தாடையை ஒருமுறை தடவிக்கொண்டேன், அவ்வளவுதான். என் தாடையைத் தடவ எனக்கு உரிமை இருக்கிறது. பார்வதம் புருவம் திருத்திக்கொள்ளாமலே போய்விட்டார்.

அந்தச் சம்பந்தம் நின்றபோது வசுமதி அக்கா அழவில்லை. ஆனால் ஆவணியில் அடுத்த மாப்பிள்ளையாகக் கிரிஷ் வந்தார். புனேயில் வேலை. கல்யாணம் முடிந்தால் கிளினிக்கை மூடிவிட்டு அக்காவும் புனே. எனக்குத் தாடையில் அப்போது பதினான்கு முடிகள் பாக்கி. அவர் எண்ணி வைத்திருந்தார். அந்தச் சனிக்கிழமை விளக்குக்குக் கீழே குனிந்து அவர் பாட்டு முணுமுணுத்தார், புனேயில் மழை எப்படிப் பெய்யும் என்று சொன்னார், தானாகச் சிரித்தார். அப்போது அவருடைய வலது கை நடுங்கியது. ஒரு முடி இழுபட்டது.

நான் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் யோசிக்காமல் இருக்க முடியுமா? அவ்வளவு அற்புதமான கை அது, டீச்சர்.

மறுவாரம் கிரிஷே எனக்கு போன் செய்தார். நம்பரைக் கொடுத்தது அக்காதான். "என்னப் பத்தி வைஷுவக் கேளுங்க, எல்லாம் தெரிஞ்சவ" என்று சொல்லியிருந்தாராம். மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். நல்ல காற்று. நான் தாடையைத் தடவினேன். அவர் சிரித்துவிட்டார்.

"அத அவங்களே சொல்லிட்டாங்க. அதனால என்னங்க? நானே வாரத்துக்கு மூணு நாள்தான் ஷேவ் பண்றேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவரை எனக்குப் பிடித்திருந்தது. சிக்கலே அதுதான். மோசமான மாப்பிள்ளைக்கு உண்மை போதும். நல்லவருக்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது. டீ ஆறும் வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன்: அக்காவுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, லோகநாயகி டீச்சரின், அதாவது உங்கள், வற்புறுத்தலுக்காகச் சிரித்துக்கொண்டிருக்கிறார், ராத்திரியெல்லாம் அழுகிறார். அவராக மறுத்தால் வீட்டில் இருக்க விடமாட்டீர்கள். கிரிஷே மறுத்துவிட்டால் அக்கா பிழைத்துக்கொள்வார். நான் சொன்னதாக அவருக்குத் தெரிந்தால் வெட்கத்தில் செத்தே போவார்.

கிரிஷ் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். "அவங்க நல்லா இருந்தா போதும்ங்க" என்றார். என் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். பெண்ணைப் பிடிக்கவில்லை என்று வீட்டில் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். நாவல்களில் மட்டும்தான் இப்படி ஆட்கள் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். திரும்பி வரும்போது பேருந்தில் சன்னலோரம் கிடைத்தது. கைதட்ட வேண்டும் போல அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் பெயரை இழுத்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். போன வாரம் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் கிரிஷ் உங்களைப் பார்த்து, "இனிமேலாவது அவங்கள வற்புறுத்தாதீங்க டீச்சர்" என்றும், நீங்கள் துருவியபோது என் பெயரையும் சொல்லாமல் இருந்திருந்தால் உங்களுக்கும் இந்த வருத்தம் வந்திருக்காது. அவர் இன்னும் வேறு பெண் பார்க்கவில்லை என்றும் நேற்று சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்து, அவர் திரும்பி வந்துவிடக் கூடாதே என்றிருக்கிறது.

அவர் மறுத்த பிறகு வந்த சனிக்கிழமை அக்காவுடைய கண்கள் வீங்கியிருந்தன. "என் மொகம்தான் வைஷு, வேற என்ன காரணம் இருக்கும்" என்றார். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அழுது முடித்து, கை கழுவி, புது ஊசியைப் பிரித்தார். பன்னிரண்டு முடிகள் எடுத்தார். ஒன்றுகூட இழுபடவில்லை. அவர் எனக்குச் செய்ததிலேயே நல்ல வேலை அன்றைய வேலைதான். அவருக்கும் எது நல்லது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

மார்கழியோடு தாடை முடிந்தது. ஒரு முடிகூட இல்லை, நீங்களே நேற்று பார்த்தீர்கள். "இனி நீ வர வேண்டாம்டி" என்று சொல்லி அக்கா என் கன்னத்தைத் தட்டினார். நான் சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். இப்போது இடது கை நடக்கிறது. மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் தூரம் வந்திருக்கிறோம். பிறகு வலது கை, பிறகு கால்கள். இந்த வேகத்தில் போனால் பதினொரு வருடம் ஆகும். அக்காவுக்கு அப்போது நாற்பத்து மூன்று. அதற்குள் விசாரிக்க வருகிறவர்கள் தாமாகவே நின்றுவிடுவார்கள். யாரும் அவரை அழவைக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தத் தாளை அவரிடம் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார். அதற்கு முன்னால் படித்தால் கை நடுங்கும்.